கண்ணாடியில் ஒட்டிய வேலை

நெய்வேலி,
8 அக்டோபர் 2023

அன்புள்ள தம்பி அன்புச்செல்வனுக்கு,

அக்கா பிரபாவதி எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும், உன் வீட்டுக்காரி தனமும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போன் என் கையில் எங்கே இருக்கிறது? நீ கூப்பிட்டதும் பாப்பா பிடுங்குகிறாள், அவளிடமிருந்து தனம் வாங்குகிறாள், அப்புறம் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறார்கள். உன் மாமா சோபாவில் படுத்தபடியே அங்கே மழையா வெயிலா என்று கத்துகிறார். நீயும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சிரிப்பாகச் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். உன் பக்கமும் அப்படித்தான். முதலாளியின் தங்கை மகன் உன்னோடு ஒரே அறையில் படுத்திருக்கிறான், அவனுக்கும் தமிழ் தெரியும். அக்காவும் தம்பியும் எப்போதுதான் மனசுவிட்டுப் பேசுவது? பதிலை வீட்டுக்குப் போடாதே. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட ஆபீஸ் விலாசத்துக்குப் போடு.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதினேன். மாமா மே மாதம் ரிடையர் ஆகிறார். அப்புறம் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முத்தாண்டிக்குப்பத்தில் நீ ஆரம்பித்த வீடு ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது. நாங்கள் இரண்டு பேர் எங்காவது ஒண்டிக்கொள்வோம். தனத்தையும் பாப்பாவையும் நீ எப்போது அழைத்துக்கொள்ளப் போகிறாய்? தனம் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். பாப்பாவுக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறாள். இந்த நெய்வேலி வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர் என்று நான் கேட்கவில்லை.

அங்கே பர்மனென்ட் ஆகிவிட்டதாக நீ சொன்னதிலிருந்து நம் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எனக்கு மரியாதையே தனி. சுரங்க கேன்டீனில் பத்து வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவன், கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிதாக வேலை கேட்டு நின்றவன், கனடாவுக்குப் போய் இரண்டே வருஷத்தில் பர்மனென்ட் என்றால் சும்மாவா? சொல்லாத வீடு பாக்கியில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. சமைக்கிறவன் பட்டினி கிடப்பது உன் பழைய வழக்கம்.

உன் அக்கா,
பிரபாவதி


கனடா,
2 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

அன்பு எழுதுவது. கடிதம் கிடைத்தது. முதுகுவலி இல்லை. மாமாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்.

இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. சின்ன ஊர், நம் பிளாக் இரண்டைச் சேர்த்தால் இதைவிடப் பெரியதாக இருக்கும். கடையில் சமையலுக்கு நான் ஒருவன்தான். முதலாளி தௌஃபீக் அண்ணன் கல்லாவையும் பரிமாறுவதையும் பார்த்துக்கொள்கிறார். பூர்வீகம் மேல்பட்டாம்பாக்கம் என்பதால் என்னை ஊர்க்காரன் மாதிரித்தான் நடத்துகிறார். வெள்ளைக்காரர்கள் தோசையை முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுகிறார்கள். முதலில் பார்க்கப் பொறுக்கவில்லை, இப்போது பழகிவிட்டது.

தனத்தையும் பாப்பாவையும் அழைக்கிற விஷயத்தைப் பிறகு பேசுவோம். கடையில் கொஞ்சம் காகித வேலை நடக்கிறது, அது முடியட்டும். மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பர்மனென்ட் பற்றி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரியாதே அக்கா, கண் படும்.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல். தனத்தையும்.

தம்பி,
அன்பு


நெய்வேலி,
26 நவம்பர் 2023

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, துணி காயவில்லை. அது ஒன்றைத் தவிர எல்லோரும் நலம். மாமா மாத்திரை போடுகிறார், அதன் மேலேயே ஜிலேபியும் போடுகிறார்.

உனக்கு ஒரு நல்ல சேதி. உன் கடைக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறதே, தனம் அதைத் தினமும் பார்ப்பாள். எந்தப் படத்திலாவது உன் முதுகாவது தெரியுமா என்று தேடுவாள். போன வாரம் வந்த படத்தில் வாசல் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், சமையல்காரர் தேவை என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது. அடப்பாவி, கடை வளர்ந்து இரண்டாவது ஆளை எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது, அக்காவுக்கு ஒரு வார்த்தை சொன்னாயா?

நான் சும்மா இருப்பேனா? அடுத்த தெரு பிச்சை பாயிடம் சொல்லிவிட்டேன். அல்லா பிச்சை என்றால் உனக்குத் தெரியாதா, உன்னை முதன்முதலாகக் கேன்டீன் கான்ட்ராக்டரிடம் கையைப் பிடித்து அழைத்துப் போனவர். அவர் மகள் நசீமா கல்யாணமாகி அந்த நாட்டுக்குத்தான் போனாள். ரெஜைனாவாம், உன் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்கிறார். அங்கேயே தங்குவதற்கு உரிமையெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் புருஷன் அவளையும் குழந்தையையும் விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டான். இது பிளாக்கில் யாருக்கும் தெரியாது. பாய் என்னிடம் மட்டும் சொன்னார், ஸ்பீக்கர் போனில் பேச வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். கேட்டரிங் படித்தவள், சென்னையில் ஓட்டலில் இருந்தவள், அங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையிலும் இருந்திருக்கிறாள். அந்த வேலை போனதிலிருந்து ரொம்பத் திண்டாடுகிறாள்.

இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் விண்ணப்பம் உன் முதலாளிக்கு வந்துவிடும். நீ பர்மனென்ட் ஆள். ஒரு வார்த்தை சொன்னால் கேட்க மாட்டாரா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
பிரபாவதி


நெய்வேலி,
28 டிசம்பர் 2023

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பதில் வரவில்லை. பள்ளிக்கூடம் அரைப்பரீட்சை லீவு, ஆனாலும் தபால் வந்திருக்கிறதா என்று நேற்று ஒரு நடை போய்ப் பார்த்தேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனில், நான் எழுதிய விஷயம் என்ன ஆச்சு என்று ஜாடையாகக் கேட்டேன். நீ உடனே போனைத் திருப்பிப் பாப்பாவுக்குப் பனியைக் காட்டினாய். அவளுக்குச் சந்தோஷம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிச்சை பாய் தினமும் காலையில் பால் பூத்துக்கு வருகிறார். வாய்விட்டுக் கேட்க மாட்டார். கார்டை நீட்டுவார், பாக்கெட்டை வாங்குவார், அப்புறம் நான் கிளம்புகிற வரைக்கும் நிற்பார். இப்போதெல்லாம் நான் ஆறு மணிக்கு முன்னாலேயே போய் வாங்கி வந்துவிடுகிறேன்.

ரெண்டு வரியாவது எழுது.

அக்கா


கனடா,
6 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். பண்டிகை நாட்களில் கடையில் கூட்டம், எழுத முடியவில்லை.

நசீமாவின் விண்ணப்பம் வந்தது. முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே சிபாரிசு எல்லாம் எடுபடாது. பாயிடம் பெரிதாக நம்பிக்கை கொடுக்காதே. அவள் இருக்கும் ஊர் பெரிய ஊர், அங்கேயே வேறு வேலை கிடைக்கும். இவ்வளவு தூரம் வந்து போவது குழந்தையை வைத்துக்கொண்டு கஷ்டம் என்று நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

பொங்கலுக்குத் தனத்துக்கும் பாப்பாவுக்கும் துணி எடுத்துக் கொடு.

அன்பு


நெய்வேலி,
30 ஜனவரி 2024

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனசில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ எப்போதிலிருந்து இப்படி ஆனாய்? பாய் மகள் எங்கே வேலை பார்க்க வேண்டும் என்று நீ சொல்கிறாயா? கான்ட்ராக்டர் வீட்டு வாசலில் உனக்காக அந்த மனுஷர் அரை நாள் நின்றார். அன்றைக்கு அவர், எங்களுக்குள் சொந்தமா பந்தமா, வேறு இடம் பார் என்று சொல்லியிருந்தால் நீ வெங்காயம் உரிக்கக்கூடக் கற்றிருக்க மாட்டாய். ஓர் இடம் காலியாக இருக்கிறது, அதில் நம் ஊர்ப் பெண் வந்து உட்கார்ந்தால் உனக்கு எங்கே குத்துகிறது? அவள் நன்றாகச் சமைத்தால் உன் பேர் போய்விடும் என்று பயமா?

நீ சொன்னபடி நான் சொல்லவில்லை. நசீமாவிடம் நானே போனில் பேசினேன். தயங்கினாள். அந்த மாதிரிக் கடைகளில் போடும் விளம்பரத்தை நம்பக் கூடாது அக்கா என்றாள். "எந்தம்பி அங்க பர்மனென்ட்டு. இது புது எடம். நீ தைரியமா போம்மா" என்று சொல்லிவிட்டேன். உன் முதலாளியே அவளைக் கூப்பிட்டிருக்கிறாராம், பிப்ரவரியில் வந்து சமைத்துக் காட்டச் சொல்லி. மரியாதையாக நடந்துகொள். ஒரு டீயாவது போட்டுக் கொடு.

மாமாவுக்கு ரிடையர்மென்ட் காகிதம் வந்துவிட்டது. ஆபீஸில் குவார்ட்டர்ஸ் காலி செய்யும் தேதியைக் கேட்டிருக்கிறார்கள்.

பிரபாவதி


கனடா,
25 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அன்பு எழுதுவது. எல்லோரும் நலம்தானே? இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

கண்ணாடியில் ஒட்டியிருந்தது புது இடம் இல்லை. அது என் வேலை.

நான் பர்மனென்ட் இல்லை அக்கா. இரண்டு வருஷத்துக்கு முதலாளி அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி என்னைக் கொண்டுவந்தார். மார்ச் கடைசியில் அது முடிகிறது. என்னை மேலும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மறுபடி அனுமதி கேட்க வேண்டும். சும்மா கேட்டால் தர மாட்டார்கள். இந்த நாட்டுக்காரர்கள், இல்லாவிட்டால் நசீமா மாதிரி இங்கேயே தங்கும் உரிமை உள்ளவர்கள், யாரும் அந்த வேலைக்குக் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்டியாக வேண்டும். அதற்காக என் வேலையையே விளம்பரம் செய்ய வேண்டும். அரசாங்க வேலைத் தளத்தில், உள்ளூர்ப் பத்திரிகையில், கடை வாசலில். அரசாங்கத்தின் பதில் வருகிற வரைக்கும் அதை எடுக்கவும் கூடாது. வாசல் காகிதத்தை ஒட்டியது நான்தான். முதலாளிக்குக் கை எட்டவில்லை, பசையை என்னிடம் கொடுத்தார். என் வேலையை நானே வெளியே வைத்து ஒட்டிவிட்டு உள்ளே போய் வெங்காயம் நறுக்கினேன்.

வந்தவர்கள் ஒவ்வொருவரையும் ஏன் எடுக்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும். முதலில் வந்தவர்களால் எனக்கு ஆபத்தில்லை. ஒருவர் மூன்று வேளைச் சாப்பாடு இலவசமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். ஒரு மாணவன் முட்டையை உடைக்கவே பயந்தான். நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் உன் நவம்பர் கடிதம் வந்தது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை காலி என்று கேள்விப்பட்டால் நாலு பேருக்குச் சொல்வது நம் ஊர் வழக்கம். நான் பர்மனென்ட் என்று சொன்னதால்தானே அதை வேறு இடம் என்று நினைத்தாய். அப்போதே போனில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தனம் பக்கத்தில் இருந்தாள். அவள் இல்லாத நேரத்திலும் சொல்ல வாய் வரவில்லை.

நசீமா வந்தாள். கடை விடுமுறை அன்று, காலை பஸ்ஸில். முதலாளி சாம்பார், கோழிக் குழம்பு, வடை மூன்றும் செய்யச் சொன்னார். நான் கூடவே நின்று பார்க்க வேண்டும், சமையலைப் பற்றி என் வார்த்தைதான் காகிதத்தில் போகும். நன்றாகச் செய்தாள் அக்கா. கோழிக் குழம்பு என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

வடை வேகும்போது என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள இருக்கிற ஆளுக்கே அனுமதி வாங்கத்தான் இந்த மாதிரி வெளம்பரம் போடுறாங்கன்னு இங்க பேசிக்கிறாங்க. இது உங்க வேல இல்லியே?"

முதலாளி கல்லாப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார், ஆளை முடிவு செய்துகொண்டு விளம்பரம் போட்டதாகப் பேச்சு வந்தால் இனி ஒருவருக்கும் அனுமதி கிடைக்காது என்று.

"இல்லம்மா. இது வேற" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. "பிரபா அக்காவும் அதான் சொன்னாங்க. நீங்க பர்மனென்ட்டாமே" என்றாள்.

அவள் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. முடிந்தால் இரண்டு பேரையும் வைத்துக்கொள்வார். ஆனால் இந்தக் கடைக்கு ஓர் ஆள்தான் தாங்கும். அதோடு, வேலைக்கு ஏற்ற ஆள் இங்கேயே கிடைத்துவிட்டால் வெளிநாட்டு ஆளுக்கு அனுமதி இல்லை. "எனக்கு நீ வேணும் அன்பு. ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணு சரியா வருமா வராதான்னு நீ சொல்லு, அத எழுதுறேன்" என்றார். பொய்யை என் பக்கம் தள்ளிவிட்டார்.

வேறு கடைக்குப் போகலாமே என்று நீ கேட்பாய். என் அனுமதிக் காகிதத்தில் இந்தக் கடையின் பெயர் இருக்கிறது. எதிர்க்கடையில் ஒரு தட்டுக் கழுவினாலும் குற்றம். இங்கே இல்லையென்றால் ஊருக்குத்தான் வர வேண்டும். ஊரில் என்ன இருக்கிறது? கேன்டீனில் புதுக் கான்ட்ராக்டர், புது ஆட்கள். உங்கள் குவார்ட்டர்ஸும் மே மாதம் வரைக்கும்தான்.

ருசியில் குறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சமைக்கிறவளைப் பார்த்து அப்படிச் சொல்வது பாவம். அதனால் வேகம் போதாது, கூட்ட நேரத்தைச் சமாளிக்க மாட்டாள் என்று சொன்னேன். உண்மையில் வேகமும் குறையில்லை. கோழி நறுக்கிய பலகையைக் கழுவிவிட்டுத்தான் காய்கறியைத் தொட்டாள், அதில் கொஞ்சம் நேரம் போனது, அவ்வளவுதான். முதலாளி அதை எழுதிவிட்டார். அவளுக்கும் அதே காரணத்தை எழுதி அனுப்பிவிட்டார். விண்ணப்பம் போய்விட்டது.

எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. பாயிடம் எதுவும் சொல்லாதே. தனத்திடமும் சொல்லாதே.

அன்பு


கனடா,
31 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? போன கடிதம் கிடைத்திருக்கும். நேற்று போனில் நீ என் குரல் கேட்டதும், "தனம், இந்தா" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டாய்.

அனுமதி கேட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வருகிற வரைக்கும் பழைய அனுமதியிலேயே வேலை செய்யலாம், ஆனால் ஊருக்கு வந்தால் திரும்ப நுழைய முடியாமல் போகலாம். மாமாவின் ரிடையர்மென்ட் விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். முடியாது.

திட்டியாவது எழுது.

அன்பு


நெய்வேலி,
14 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சித்திரைப் பிறப்பு. வீட்டில் எல்லோரும் நலம், நான் மட்டும் சரியாக இல்லை.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் நின்று படித்தேன். படித்து முடித்து, ஒரு மாதமாகப் பதில் எழுதப் பார்க்கிறேன். உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நீ ஒரு தடவை பொய் சொன்னாய். நான் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளே தயங்கினாள், நான்தான் தைரியம் சொல்லி அனுப்பினேன். உன் வேலையைப் பறிக்க ஆள் அனுப்பியதும் நான், அந்தப் பெண்ணை அவமானப்படுத்த அனுப்பியதும் நான்.

வந்துவிடு என்று எழுதி ஒரு கடிதம் வைத்திருந்தேன். அன்றைக்கு மாமா வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தார், முத்தாண்டிக்குப்பத்தில் ஒற்றை அறை, சமையல் கட்டு பொது. தனமும் பாப்பாவும் எங்களோடு அதில்தான். அந்தக் கடிதத்தையும் கிழித்துவிட்டேன். என்னால் வா என்றும் சொல்ல முடியவில்லை, அங்கேயே இரு என்றும் சொல்ல முடியவில்லை.

பாய் பால் பூத்தில் நிற்கிறார். நசீமாவுக்கு அந்த இடம் அமையவில்லை என்று அவரே சொன்னார். பரவாயில்லம்மா, நீ இவ்வளவு தூரம் பார்த்துச் சொன்னதே பெரிசு என்று எனக்கு நன்றி சொன்னார். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் அழுகை வந்தது.

தனத்துக்கு எதுவும் தெரியாது. ஸ்வெட்டரை முடித்துவிட்டாள். பாப்பா வளர்ந்துவிட்டதால் கை எட்டவில்லை, பிரித்து மறுபடி பின்னுகிறாள்.

சாப்பிடு. நீ சாப்பிடாமல் இருப்பதால் யாருக்கும் நல்லது நடக்கப் போவதில்லை.

அக்கா,
பிரபாவதி


கனடா,
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அன்பு எழுதுவது. புது வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? மாமாவுக்கு வீட்டில் பொழுது போகிறதா?

அனுமதி வந்துவிட்டது. முதலாளி ஸ்வீட் வாங்கிக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்துத் தோளில் தட்டினார்.

இந்தத் தடவை ஒரு வருஷத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷக் காகிதத்தை வைத்துக்கொண்டு தனத்தையும் பாப்பாவையும் அழைக்க முடியாது. குளிர் வந்ததும் மறுபடி விளம்பரம் போட வேண்டும், மறுபடி நானே ஒட்ட வேண்டும். வாசல் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் கை நிற்கிறது.

சமையலறையில் யாராவது நின்று பார்த்தாலே பயமாக இருக்கிறது. வாசலில் ஒட்டிய பழைய காகிதத்தை எடுத்தாகிவிட்டது. தனத்திடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் சொல்கிறேன்.

அன்பு


முத்தாண்டிக்குப்பம்,
7 ஜூலை 2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. மாமா காலையில் எழுந்ததும் ஷிஃப்டுக்குக் கிளம்புகிற மாதிரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், அப்புறம் ஞாபகம் வந்து உள்ளே வருகிறார். பாப்பா இங்கேயுள்ள பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். நீ தனத்திடம் இன்னும் சொல்லவில்லை என்று தெரிகிறது. நேற்றுகூட அங்கே ஸ்கூல் ஃபீஸ் உண்டா என்று என்னைக் கேட்டாள்.

போன ஞாயிறு பிச்சை பாய் இங்கே வந்தார். டவுன்ஷிப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு பலாப்பழத்தோடு. உனக்கு அங்கே எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று தனம் சொன்னாளாம். நம் பையன் நிலைத்துவிட்டான், சந்தோஷம் என்றார். நான் டீ போடுகிற சாக்கில் சமையல் கட்டுக்குப் போய்விட்டேன். அங்கேயும் வந்து நின்றார்.

"ஒரு விஷயம் சொல்லத்தாம்மா வந்தேன். நசீமாவுக்கு வேகம் போதாதுன்னு எழுதிட்டாங்களாம். கைருசியில கொறைன்னு சொல்லியிருந்தா நான் வாய மூடிக்கினு இருந்திருப்பேன். வேகம்தானே? அது பழகினா வரும்."

நான் டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் சொல்லிக்கொண்டே போனார். நசீமா தினமும் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மணி பார்த்துச் சமைக்கிறாளாம். சாம்பார், கோழிக் குழம்பு, வடை, அன்றைக்கு உங்கள் கடையில் செய்த அதே மூன்றும். இவர் இங்கே ராத்திரி உட்கார்ந்து வீடியோவில் அவளுக்கு நேரம் சொல்கிறார். சாப்பிட அவளும் குழந்தையும்தான், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறாளாம். பலகையை ஏன் இத்தனை தடவை கழுவுகிறாய் என்று இவர் சொல்லி, இப்போது இரண்டு பலகை வைத்துக்கொண்டு செய்கிறாளாம். ரொம்ப வேகம் வந்துவிட்டது என்று சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அடுத்த தடவை உங்கள் கடையில் ஆள் எடுக்கும்போது கட்டாயம் வருவாள் என்றார். என்னிடம் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டாராம். தனம் அவர் போனில் உங்கள் கடைப் பக்கத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள், காகிதம் ஒட்டிய அன்றைக்கே பார்த்துக்கொள்வாராம். தனம் பக்கத்தில் நின்று, "எங்க வூட்டுக்காரரு இருக்காரு பாய், பாத்துப்பாரு" என்றாள்.

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

ஒரு வாரமாக இதையேதான் யோசிக்கிறேன். வருகிற குளிரில் அவள் வருவாள் தம்பி. அப்போது அவளிடம் என்ன குறை என்று எழுதுவாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
பிரபாவதி